கல்வெட்டுக்கு வேண்டாம், சம்பளத்துக்குக் கொடுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பகுதிப் பெரியவர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள்தான். அதில் இரண்டு பேர் என்னோடு ஒரே ஆபீசில் குப்பை கொட்டியவர்கள். காபி கொடுத்து உட்கார வைத்தேன். கையில் ஒரு நீளக் காகிதச் சுருள் இருந்தது. பிரித்துக் காட்டினார்கள். கட்டட வரைபடம்.

மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு சமூக மையம் கட்டப் போகிறார்களாம். இரண்டு மாடி. மதிப்பீடு ஒன்றரைக் கோடி ரூபாய். நிதி திரட்ட ஒரு வேண்டுகோள் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். "ஆயுசு பூரா நோட் போட்ட கை சார் உங்க கை. படிக்கிறவன் கண்ணுல தண்ணி வரணும்" என்றார் ஒருவர்.

நல்ல மனிதர்கள். இந்த வயதில் பொழுதை டி.வி. முன்னால் கழிக்காமல் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த வேண்டுகோளை நான் எழுதவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்குக் கோபம். ஒருவர் இன்னும் பேசுவதில்லை. ஏன் மறுத்தேன் என்று அன்றைக்கு எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் அந்த வரைபடத்தைப் பற்றி. தரைத்தளத்தில் ஒரு பெரிய ஹால். கல்யாணம், காதுகுத்துக்கு வாடகைக்கு விட்டால் வருமானம் வரும் என்று கணக்கு. இயன்முறை சிகிச்சை அறையும் சிறப்புக் குழந்தைகளுக்கான வகுப்பும் மேல்மாடியில்! லிஃப்ட் "இரண்டாம் கட்டத்தில்". மழைநீர் ஏறாமல் இருக்க அடித்தளத்தை மூன்று அடி உயர்த்தியிருக்கிறார்கள், சரிதான். வாசலில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் அதன் நீளம் எட்டு அடி. சாய்தளத்துக்கு இந்தியாவில் சொல்லப்படும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஓர் அடி ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று அடிக்கு முப்பத்தாறு அடி. எட்டு அடியில் மூன்று அடி ஏறினால் அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ள வேண்டும். இறங்கும்போது கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

என் தங்கை உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணே, அந்தக் கமிட்டியில நொண்டி ஒருத்தராவது இருக்காங்களா?"

பதினோரு பேர் கமிட்டி. ஒருவரும் இல்லை.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூன்று வயது இளையவள். இரண்டு வயதில் காய்ச்சல் வந்து, இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போயின. 1955. இங்கே மூவர்ணக் கொடி ஏறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடங்கள் பல இன்னும் பிரெஞ்சில்தான். நான் பையைத் தூக்கிக்கொண்டு பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனேன். அவளைத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லை. அம்மாவிடம் தமிழ் எழுதப் படிக்கக் கற்றாள். பிறகு எம்பிராய்டரி கற்றாள். கை வேலையால் தன் சாப்பாட்டைத் தானே சம்பாதித்தாள். இன்றும் எழுபது தாண்டி, ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள்.

1981-ஆம் வருடத்தை ஐ.நா. சபை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. நம் ஊரிலும் விழாக்கள் நடந்தன. ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை) மேடை போட்டு மூன்று சக்கர சைக்கிள் கொடுத்தது. என் தங்கைக்கும் ஒன்று. நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினேன். மேடைக்குப் படி மட்டும்தான் இருந்தது. நடக்க முடியாதவர்களுக்கு விழா எடுத்தவர்களுக்கு அது தோன்றவில்லை. முக்கியப் பிரமுகர் தாமதமாக வந்ததால் இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்தோம். சைக்கிளில் அவளை உட்காரவைத்து, பிரமுகர் கைப்பிடியில் கை வைக்க, போட்டோ எடுத்தார்கள். போட்டோகிராபருக்கு ஃபிளாஷ் எரியவில்லை. இறக்கி, மறுபடி உட்காரவைத்து, மறுபடி எடுத்தார்கள். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கூட்டம் முழுக்க அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அந்த சைக்கிள் நான்கு மாதம் ஓடியது. பிறகு செயின் அறுந்தது. சாதாரண சைக்கிள் கடையில் அந்த அளவு செயின் இல்லை. கொடுத்தவர்களிடம் போய்க் கேட்டேன். "அது போன வருஷத் திட்டம் சார், இந்த வருஷம் தையல் மெஷின் கொடுக்கிறோம்" என்றார்கள். சைக்கிள் கொல்லையில் நின்றது. கோழி அதன்மேல் அடைந்தது. ஆறேழு வருடம் கழித்து இரும்புக்குப் போட்டோம். "சைக்கிள் கொடுத்தாங்க, செயின் மாட்ட ஆள் கொடுக்கலையே அண்ணே" என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுக்க அந்த ஒரு வரிதான்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். இப்போதும் அதுவே நடக்கிறது, அதனால்தான்.

கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் காலத்தில் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்று இரண்டு இருந்தன. 2017-18 பட்ஜெட்டிலிருந்துதான் மத்திய அரசு அந்தப் பிரிவினையை எடுத்தது. கட்டடம் என்றால் திட்டச் செலவு. கோப்பு குதிரை மாதிரி ஓடும். ஆள் போட வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால் அது வருடா வருடம் வரும் செலவு. அந்தக் கோப்பு ஆமை. நான் பார்த்த ஒரு கட்டடத்தைச் சொல்கிறேன், எந்தத் துறை என்று கேட்காதீர்கள். கட்டி, ரிப்பன் வெட்டி, கல்வெட்டும் பதித்தாகிவிட்டது. உள்ளே வேலை பார்க்கப் பணியிடம் உருவாக்கும் கோப்பு என் மேசைக்கு மூன்று தடவை வந்து, மூன்று தடவை கேள்விக்குறியோடு திரும்பிப் போனது. கடைசியில் அந்தக் கட்டடத்தில் உடைந்த நாற்காலிகளையும் பழைய ரெக்கார்டுகளையும் அடுக்கினார்கள். கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

காரணம் எளிது. சுவரில் பெயர் எழுதலாம். சம்பளப் பட்டியலில் நன்கொடையாளர் பெயரை எழுத முடியாது. ஃபேனில் எழுதலாம், ட்யூப் லைட்டில் கூட உபயம் என்று எழுதி வெளிச்சத்தை மறைக்கலாம். ஒரு ஆயா, நடக்க முடியாத ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டு போவதில் யார் பெயரை எழுதுவது?

இதிலிருந்து ஒரு சங்கிலி ஆரம்பிக்கிறது. கட்டடம் என்றால் மொத்தமாகப் பெரிய தொகை வேண்டும். பெரிய தொகைக்குப் பெரிய மனிதர் வேண்டும். பெரிய மனிதர் வர மேடை வேண்டும். மேடையில் அவர் மனம் இளக, ஊனமுள்ள பிள்ளை ஒன்று வேண்டும். என்னை "கண்ணுல தண்ணி வர" எழுதச் சொன்னதும் அதே சங்கிலியின் ஒரு கண்ணிதான். வருகிற டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று விழா எடுத்து, பிள்ளைகளை மேடையேற்றி, அங்கேயே நன்கொடை அறிவிக்கச் செய்வதாகத் திட்டம். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள். உதவி வேண்டியவர் எப்படி மறுப்பார்? என் தங்கையும் 1981-ல் மறுக்கவில்லை.

கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. கட்டடத்தைக் குறி வைத்தால் வழி இப்படித்தான் போகும் என்கிறேன்.

சரி, குறை சொல்வது சுலபம், மாற்று என்ன என்று கேட்பீர்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீதி மட்டத்தில், படி இல்லாத ஒரு தரைத்தள வீடு, மூன்று அறை. வாடகை மாதம் 20,000. இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் 25,000. சிறப்புக் கல்வி படித்த ஆசிரியர் ஒருவர் 22,000. ஆயாக்கள் இருவர், ஆளுக்குப் பத்து, 20,000. காலை ஒரு நடை, மாலை ஒரு நடை போக மாத வாடகைக்கு வேன், டீசலோடு 23,000. மின்சாரம், போன், பழுது பார்ப்பு 10,000. கூட்டினால் ஒரு லட்சத்து இருபதாயிரம். வருடத்துக்குப் பதினான்கு லட்சத்து நாற்பதாயிரம். இவை என் கணக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். விலைவாசி ஏறுவதைத் தள்ளிவைத்துப் பார்த்தால், கட்டடத்துக்கு என்று கேட்கும் ஒன்றரைக் கோடியில் இந்த மையத்தைப் பத்து வருடம் நடத்தலாம். கட்டடம் கட்டிய பிறகோ, இதே மாதச் செலவை, வாடகை ஒன்று நீங்கலாக, மறுபடி வசூல் பண்ண வேண்டும். அப்போது யார் வருவார்கள்? கல்வெட்டில் பெயர் ஏறிய பிறகு வருவார்களா?

மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு எங்கே போவது? இதற்கு நான் படித்த பாஷையிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன்.

2003 ஆகஸ்டில் பிரான்சில் கடும் வெயில் அடித்தது. சுமார் பதினைந்தாயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருக்க, பூட்டிய அறைகளில் தனியாக இருந்தவர்கள் நிறைய. நாடே வெட்கப்பட்டது. 2004-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 'ழுர்னே தெ சொலிதாரித்தே' என்று பெயர். வேலை செய்பவர்கள் வருடத்தில் ஒரு நாள் கூடுதல் சம்பளம் இல்லாமல் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். அதற்கு ஈடாக முதலாளிகள் சம்பளத் தொகையில் 0.3 சதவிகிதம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் போகும். முதலில் பெந்தெகோஸ்து திங்கட்கிழமை விடுமுறையைத்தான் எடுத்தார்கள். ஜனங்கள் சும்மா இருக்கவில்லை, முணுமுணுத்தார்கள், வேலைநிறுத்தம் கூட நடந்தது. பிறகு எந்த நாள் என்பதைத் தளர்த்தினார்கள். ஆனால் ஏற்பாடு நிலைத்துவிட்டது. அங்கே யாருக்கும் கல்வெட்டு இல்லை, மாலை இல்லை. கூலித்தொழிலாளிக்கும் ஒரு நாள்தான், மேலதிகாரிக்கும் ஒரு நாள்தான்.

எங்களுக்குப் பிரெஞ்சு நடத்திய முசியே ஒருவர் 'சாரித்தே' என்ற சொல்லுக்கும் 'சொலிதாரித்தே' என்ற சொல்லுக்கும் வித்தியாசம் சொல்வார். முதலாவது, மாடியிலிருந்து கீழே போடுவது. இரண்டாவது, ஒரே திண்ணையில் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்வது. பதினான்கு வயதில் அது பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிய விஷயம். இப்போதுதான் அர்த்தம் புரிகிறது.

நமக்குச் சட்டம் வேண்டாம். நாமே செய்துகொள்ளலாம். மாதத்தில் ஒரு நாள் பென்ஷன். முப்பதாயிரம் வாங்குபவருக்கு ஒரு நாள் என்பது ஆயிரம் ரூபாய். பதினைந்தாயிரம் வாங்குபவர் ஐந்நூறு கொடுக்கட்டும், அறுபதாயிரம் வாங்குபவர் இரண்டாயிரம் கொடுக்கட்டும். சராசரி ஆயிரம் என்று வைத்தால் நூற்றிருபது பேர் போதும். எங்கள் பகுதியில் காலையில் நடைப்பயிற்சி போகும் ஓய்வூதியர்களை எண்ணினாலே அது தேறும். ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி எவ்வளவு ஏறும், நிலுவை எப்போது வரும் என்று பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறோமே, அந்தக் கூட்டத்தைத்தான் சொல்கிறேன்.

இந்த யோசனைக்கு வந்த ஆட்சேபணைகளைச் சொல்லிவிடுகிறேன்.

"இது அரசாங்கத்தின் வேலை இல்லையா?" ஆமாம், அரசாங்கத்தின் வேலைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் வந்து ஐந்து வருடத்துக்குள் பொதுக் கட்டடங்கள் எல்லாம் அவர்கள் வந்துபோகும்படி மாற்றப்பட வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஐந்து வருடம் 2022-லேயே முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பக்கத்து பேங்க், தபாலாபீஸ், தாலுக்கா ஆபீஸ் எதற்காவது போய் வாசல்படியை எண்ணிப் பாருங்கள். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், வெறும் வழிகாட்டுதல் போதாது, கட்டாய விதிகள் போடுங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே மனு போடுவோம், கேட்போம், விட வேண்டாம். நாற்பது வருடம் அரசாங்கத்துக்குள் இருந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொண்டே இருந்தால்தான் கோப்பு நகரும். ஆனால் கோப்பு நகரும்வரை அந்தப் பிள்ளையின் கால் காத்திருக்காது. பயிற்சி இல்லாமல் தசை இறுகிப்போனால் பிறகு அதை நிமிர்த்துவது கடினம்.

"கட்டடம் இருந்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்." எனக்கு இதில் பாதி சம்மதம். கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வேண்டும்தான். அது சுவராக இருக்க வேண்டுமா? மாதாமாதம் ஐந்தாம் தேதி வாசலில் ஒரு தாளை ஒட்டுங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எத்தனை பேர் வந்தார்கள், வேன் எத்தனை நாள் ஓடவில்லை. அந்தத் தாளுக்கு மேல் நம்பிக்கை தருவது எது? மூன்று வருடம் ஒழுங்காக ஓடட்டும். அதற்குப் பிறகு சொந்தக் கட்டடம் வேண்டும் என்று தோன்றினால் நானே உண்டியல் எடுத்து வருகிறேன்.

"கம்பெனிகள் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்." இருக்கலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வாங்குங்கள். சக்கர நாற்காலி, பயிற்சிக் கருவிகளுக்கு அது நல்ல பணம். ஆனால் அவர்கள் கணக்கு நிதியாண்டுக் கணக்கு. அடுத்த வருடம் அவர்களுக்கு வேறு யோசனை வரலாம். ஆயாவின் சம்பளத்தை அதன்மேல் கட்டாதீர்கள். 'இந்த வருஷம் தையல் மெஷின்' கதை நினைவிருக்கட்டும்.

"பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரே நாளில் சேர்ந்துவிடும்." இதை நம் ஊரில்தான் சொல்வார்கள், கவனமாகக் கேளுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் கொடுக்கும் பணம், அவர் பாரிசில் இருந்தாலும் சரி, நம் பக்கத்து வீதியில் பிறந்து இங்கேயே சொல்தா பென்ஷன் வாங்கிக்கொண்டு இருந்தாலும் சரி, ரூபாயாகவே கொடுத்தாலும் சரி, வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவுக்கு அமைப்பு மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் மகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வேறு. இது தெரியாமல் வாங்கிச் சிக்கிக்கொண்டால் மையமே மூடிப்போகும். முசியே வீட்டு ஆயிரம் ரூபாயை மூன்று வருடம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். அவர் பணத்தைத்தான் வாங்க முடியாது. வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொல்ல அவருக்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

இன்னொரு ஆட்சேபணையும் வந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. "போலியோதான் ஒழிந்துவிட்டதே. இந்தியாவில் கடைசி போலியோ 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். இனி இப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள், நம் வீட்டில் யாரும் இல்லை." நண்பர்களே, 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016 சட்டத்தில் இருபத்தொன்று. அதில் பார்க்கின்சன் நோய் உண்டு, கேட்கும் திறன் குறைவு உண்டு, பார்வைக் குறைவு உண்டு. சர்க்கரையில் விரல் எடுத்தவர், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர், சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் என்று நம் பெஞ்சிலேயே எண்ணுங்கள். போன வருடம் நம்மோடு நடந்துவந்தவர், இந்த வருடம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நாம் போவதைப் பார்க்கிறார். நான் கேட்கும் அந்த இயன்முறை சிகிச்சை அறை யாரோ ஒரு பாவப்பட்ட பிள்ளைக்கு மட்டும் இல்லை. எனக்கும் உங்களுக்கும்தான். அப்போது எட்டு அடிச் சறுக்குமரத்தில் நம்மைத் தள்ளுவதற்கு இரண்டு பேர் கிடைப்பார்களா?

கடைசியாக, இதில் எனக்குள்ள சுயநலத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுபத்தைந்து. மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் நானும் தங்கையும்தான். காலையில் அவளை நான்தான் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறேன். இப்போதெல்லாம் எனக்கே முதுகு பிடித்துக்கொள்கிறது. நான் போனபிறகு அவளை யார் பார்ப்பார்கள் என்பது இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பும் கேள்வி. ஊனமுள்ள பிள்ளையை வைத்திருக்கும் ஒவ்வொரு தாய் தகப்பனையும் அது எழுப்புகிறது. அந்தக் கேள்விக்குப் பளிங்குக் கல் பதில் சொல்லாது. தினமும் காலையில் வந்து கதவைத் தட்டும் ஒரு ஆள்தான் பதில். அந்த ஆளுக்கு மாதக் கடைசியில் சம்பளம் போய்ச் சேர வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். வேண்டுகோள் எழுதித் தருகிறேன், மூன்று நிபந்தனை. ஒன்று, கட்டடத்துக்கு அல்ல, நடத்தும் செலவுக்குக் கேட்பது. பதினைந்து நாளில் வாடகை வீடு பார்ப்பது. இரண்டு, மேடையில் எந்தப் பிள்ளையையும் நிறுத்தக் கூடாது, போட்டோ கூடாது. மூன்று, கமிட்டியில் பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளோ அவர்களை வளர்ப்பவர்களோ ஆக இருக்க வேண்டும். பாட்டில் தண்ணீர் முதல் சாய்தளம் வரை அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகே பணம் பட்டுவாடா. அதோடு இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாக வாங்க வேண்டாம், பேங்க் வழியாக வாங்கி ரசீது கொடுங்கள் என்றும் சேர்த்திருக்கிறேன். பழைய ஆபீஸ் பழக்கம், விடவில்லை.

கடிதத்தை அனுப்பும் முன் தங்கையிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "வண்டி ரிப்பேர் பண்ண ஒரு மேசையும் ஸ்பானர் செட்டும் வேணும்னு எழுது" என்றாள். நான்காவதாக அதையும் எழுதினேன். பிறகு, "நானும் மாசம் ஒரு நாள் கூலி போடறேன் அண்ணே" என்றாள். ஹெம்மிங்கில் அவளுக்கு ஒரு நாளைக்கு இருநூறு ரூபாய் வந்தால் அதிகம். உனக்கு எதற்கு, உனக்காகத்தானே கேட்கிறோம் என்றேன்.

"அதுக்குத்தான் போடறேன். நானும் போட்டாத்தான், செயின் அறுந்தா ஏன் மாட்டலைன்னு கேக்க முடியும்."

இதுவரை இரண்டு பேர் ஆகியிருக்கிறோம். நூற்றிருபதில் மீதி நூற்றுப் பதினெட்டு. நீங்கள் ஒருவராக இருக்கச் சம்மதம் என்றால், காலை ஆறு மணிக்கு அதே பெஞ்சில்தான் இருப்பேன். கோபித்துக்கொண்டு போன நண்பரும் வரலாம். அவருக்கு இடம் போட்டுத்தான் உட்காருகிறேன்.